மருந்தையும் மயக்கத்தையும் பிரிக்கும் சல்லடை

பக்தாத் நகரில், கலீஃபாவின் அவையில் உயர் பதவி வகித்த ஒருவருக்கு ஒரு மகன் இருந்தார். ழஹீருத்தீன் முஹம்மத் என்பது அவருடைய பெயர். வலிப்பு நோயால் அவர் பெரிதும் அல்லலுற்றார். அவரைக் காண வந்த அலீ இப்னு மக்கீ என்னும் கவிஞர், ஹஷீஷை, அதாவது கஞ்சாவை, மருந்தாக உண்ணும்படி கூறினார். நோயாளி முதலில் தயங்கினார், பின்னர் இணங்கினார். வலிப்பு அறவே நீங்கியது. ஆனால் அன்றுமுதல் ஒரு கணமேனும் ஹஷீஷ் இன்றி இருக்க இயலாதவராக அவர் மாறிவிட்டார். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பத்ரீ என்னும் அரபு எழுத்தாளர் இச்செய்தியைத் தம் நூலில் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

நோய் நீங்கியதும் உண்மை. அடிமைத்தளை பூண்டதும் உண்மை. ஒரே பொருளில் நலமும் தீங்கும் பின்னிக் கிடக்கும்போது, நலத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை காணவே இன்று உலகின் ஆய்வுக்கூடங்கள் பல முயன்று வருகின்றன. அம்முயற்சியைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

அன்பு வாசகர்களே! மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவனுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. எங்கள் இரணியல் பகுதியைச் சேர்ந்த தாய் ஒருவர், தம் மகனை அழைத்துக்கொண்டு வந்து என்னிடம் இவ்வாறு கேட்டார்: “உஸ்தாதே, பிள்ளைக்கு வலிப்பு வருகிறது. கஞ்சா எண்ணெய் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று வெளிநாட்டிலிருக்கும் உறவுக்காரர் கைபேசியில் செய்தி அனுப்பியிருக்கிறார். ஹராமான செடியல்லவா? கொடுக்கலாமா? கொடுத்தால் இப்போதுள்ள மாத்திரையை நிறுத்திவிடலாமா?”

இது ஒரு புறம். மறுபுறம், கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் சிலரின் வாயில் வேறொரு பேச்சு அடிபடுகிறது. “கஞ்சா இப்போது மருந்தாகிவிட்டது. பெரிய பெரிய நாடுகளே அனுமதித்துவிட்டன. இன்னும் எதற்கு அதைக் குற்றம் என்கிறீர்கள்?” என்கிறார்கள். தாயின் வினா பாசத்தில் பிறந்தது. இளைஞர்களின் பேச்சு வாதத்துக்காகப் பிறந்தது. ஆயினும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நான் மருத்துவன் அல்லன். கலை பயின்று பட்டம் பெற்றவன். அறிந்தோர் எழுதியவற்றைப் படித்து, நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் விளங்கும் வகையில் இங்கே சொல்ல முயல்கிறேன்.

கல்கத்தாவில் நடந்த முதற்சோதனை

கஞ்சாவை முறைப்படி சோதித்து மேனாட்டு மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய பணி நம் நாட்டில்தான் நடந்தது. அயர்லாந்து நாட்டில் பிறந்த வில்லியம் புரூக் ஓஷாக்நெஸி என்னும் மருத்துவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1839ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். ஆய்வைத் தொடங்குமுன் அவர் செய்த முதற்செயல், இம்மண்ணின் அறிஞர்களை நாடிக் கேட்டறிந்ததாகும். வடமொழிப் பண்டிதர்களிடம் கேட்டார். ஹூக்ளி இமாம்பாராவின் முத்தவல்லியாக இருந்த சையித் கராமத் அலீ அவர்களிடமும், தெஹ்ரானிலிருந்து வந்திருந்த ஹக்கீம் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பார்சி, அரபு மருத்துவ நூல்கள் கூறுவதையும் தொகுத்துக்கொண்டார்.

பின்னர் மனிதர்க்குக் கொடுக்குமுன் உயிரினங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய், பூனை, பன்றி, கழுகு, காகம் முதலியவை மயக்கமுற்றன. குதிரை, மான், ஆடு, பசு போன்ற தாவர உணவு உண்பவை மிகுதியான அளவு உண்டபோதும் சிறிதளவே பாதிக்கப்பட்டன. அதன் பிறகே நோயாளிகளிடம் சென்றார். பிறந்து நாற்பது நாள்களே ஆன பெண் குழவி ஒன்று ஓயாத வலிப்பினால் துன்புற்றது. அதற்குக் கஞ்சாச் சாற்றைத் துளித் துளியாகக் கொடுத்து, அக்குழவி நலம் பெற்றதை அவர் எழுதியுள்ளார்.

பக்தாதின் செய்தியும் கல்கத்தாவின் செய்தியும் ஒன்றையே கூறுகின்றன அல்லவா? ஆயினும் இச்சாறு நிலையான மருந்தாக நீடிக்கவில்லை. ஒரு வயலில் விளைந்த செடியின் வீரியம் மற்றொரு வயலின் செடியில் இல்லை. ஒரு புட்டியில் பத்துத் துளி போதும். மறு புட்டியில் ஐம்பது துளியும் போதாது. எப்பொருள் நோயைத் தீர்க்கிறது, எப்பொருள் மயக்குகிறது என்பதையும் அக்காலத்தார் அறியக்கூடவில்லை. செடி கையில் இருந்தது. அதன் உள்ளே இருந்த இரகசியம் கைக்கு வரவில்லை.

சாவி கிடைத்தது, பூட்டு எங்கே?

1964ஆம் ஆண்டில் அவ்விரகசியத்தின் முதற்கதவு திறந்தது. இஸ்ரேல் நாட்டின் வைஸ்மான் நிறுவனத்தில் யெஹியேல் கவோனி, ரஃபாயேல் மெஷூலம் என்னும் வேதியியல் அறிஞர்கள் இருவர், காவல்துறையினர் கைப்பற்றி வைத்திருந்த ஹஷீஷைப் பெற்று ஆராய்ந்து, மயக்கம் தரும் பொருளைத் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர். டி.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது அப்பொருளேயாகும். அதே செடியில் சி.பி.டி. என்னும் மற்றொரு பொருளும் மிகுதியாக உண்டு. அது போதை தருவதில்லை. இவைபோல் கஞ்சாவில் காணப்படும் பொருள்களுக்கு ‘கன்னாபினாய்டு’ என்று பொதுப்பெயர் வழங்குகிறது.

சாவி கிடைத்துவிட்டது. அது எந்தப் பூட்டைத் திறக்கிறது? ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் இவ்வினா விடையின்றி நின்றது. டி.எச்.சி. கொழுப்பில் கரையும் பொருள். ஆகவே மூளை உயிரணுக்களின் கொழுப்புச் சுவரில் கரைந்து குழப்பம் விளைவிக்கிறது, தனிப் பூட்டு ஏதுமில்லை என்றே பலர் கருதினர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹவ்லெட் என்னும் பெண் அறிஞரும் அவருடைய மாணவர் வில்லியம் டெவேனும், எலியின் மூளையில் அப்பூட்டு இருப்பதை நிறுவினர். உயிரணுவின் மேற்சுவரில் அமைந்து, வெளியிலிருந்து வரும் செய்தியை ஏற்று உள்ளே அனுப்பும் இத்தகைய புரதங்களுக்கு ‘ஏற்பி’ என்று பெயர். 1990இல் லிசா மட்சுதா குழுவினர் அந்த ஏற்பிக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தனர். 1993இல் கேம்பிரிட்ஜில் ஷான் மன்ரோ இரண்டாவது ஏற்பியைக் கண்டறிந்தார். முதலாவது சி.பி.1, பெரும்பாலும் மூளையில் உள்ளது. இரண்டாவது சி.பி.2, பெரும்பாலும் நோய் எதிர்ப்புக்குரிய உயிரணுக்களில் உள்ளது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயற்கை. கஞ்சாவுக்கென்று ஒரு பூட்டை மனித மூளையில் படைத்தவன் ஏன் வைத்தான்? இதற்கான விடை 1992இல் கிடைத்தது. மெஷூலமின் ஆய்வுக்கூடத்தில் டெவேனும் லூமிர் ஹனுஷும் பன்றியின் மூளையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் அப்பொருள்தான் இப்பூட்டுக்கு உரிய உண்மைச் சாவி! ‘ஆனந்தம்’ என்னும் நாம் அறிந்த சொல்லையே வேராகக் கொண்டு அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டனர். பசி, வலி, நினைவு, அச்சம், மனநிறைவு ஆகியவற்றை அளவோடு நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டில் இதற்குப் பங்கு உண்டு. தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் இது உண்டாகிறது. வேலை முடிந்தவுடன் ஒரு நொதியால் சிதைக்கப்பட்டு மறைகிறது. எத்துணை நுட்பமான ஏற்பாடு! கஞ்சாவில் உள்ள டி.எச்.சி.யோ கள்ளச் சாவி. அது நேரமும் அறியாது, இடமும் அறியாது. மூளையெங்கும் சென்று எல்லாப் பூட்டுகளையும் ஒருசேரத் திருகுகிறது. விரைவில் அகலவும் மறுக்கிறது.

சல்லடை இயங்கும் விதம்

பூட்டு இன்னதென்று தெரிந்தபின், அதற்குப் பொருந்தும் நல்ல சாவியைத் தேடுவது எளிதாயிற்று. ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களில் பூட்டுக்குப் பொருந்துபவை எவை, பொருந்தாதவை எவை என்று சலித்துப் பிரிக்கும் பணியே ஆய்வுக்கூடச் சலிப்புச் சோதனையாகும். அது நடைபெறும் விதத்தைச் சற்றுப் பொறுமையுடன் காண்போம்.

முதலில், மனித சி.பி.1 ஏற்பிக்குரிய மரபணுவை, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களுக்குள் செலுத்துகின்றனர். அவ்வுயிரணுக்கள் தம் மேற்சுவரில் அந்த ஏற்பியை ஏராளமாக உண்டாக்குகின்றன. பிறகு அவற்றை உடைத்து, ஏற்பிகள் பதிந்த சுவரை மட்டும் பிரித்தெடுத்து, சிறுசிறு குழிகள் கொண்ட தட்டில் இடுகின்றனர். ஒரு தட்டில் 96 குழிகள் இருக்கும். 384 குழிகள் கொண்ட தட்டுகளும் உண்டு.

அடுத்து, ஏற்பியில் இறுகப் பொருந்தும் என்று முன்பே தெரிந்த ஒரு பொருளைக் குழிகளில் சேர்க்கின்றனர். ஃபைசர் நிறுவனத்தார் உருவாக்கிய சி.பி. 55,940 என்னும் பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனை இணைத்திருப்பார்கள். எனவே எத்தனை பூட்டுகளில் அது அமர்ந்திருக்கிறது என்பதைக் கதிரியக்கத்தை அளந்தே கணக்கிடலாம். இதனோடு, சோதிக்க வேண்டிய புதிய பொருளையும் முதற்குழியில் மிகச் சிறிதளவு, அடுத்ததில் சற்றுக் கூடுதல் என்று படிப்படியாகச் சேர்ப்பார்கள். புதிய பொருள் பூட்டில் அமர வல்லதாயின், முன்பு அமர்ந்திருந்த பொருள் இடம் இழக்கும். அளவுகருவியில் கதிரியக்கம் குறையும். பாதி இடங்களைப் பறிப்பதற்கு எவ்வளவு பொருள் வேண்டியிருந்தது என்று பார்த்தால், அதன் பிடிப்பு வலிமை தெரிந்துவிடும். குறைவான அளவே போதுமாயின் பிடிப்பு வலிது. டி.எச்.சி.க்கு இவ்வளவு நானோமோலார் கணக்கில் பதின்களில் அமைகிறது. சி.பி.டி.க்கோ ஆயிரங்களில் செல்கிறது.

ஆனால் சாவி பூட்டினுள் நுழைவது மட்டும் போதாது. அது பூட்டைத் திறக்கிறதா, பாதி திருகி நிற்கிறதா, அன்றி அடைத்துக்கொண்டு பிற சாவிகளை நுழையவிடாமல் தடுக்கிறதா என்பதையும் அறிய வேண்டும். இதற்கெனத் தனிச் சோதனை உண்டு. உயிருள்ள அணுக்களில் பொருளைச் சேர்த்து, உள்ளே செல்லும் செய்தி கூடுகிறதா, குறைகிறதா என்று அளப்பார்கள். டி.எச்.சி. பூட்டைப் பாதியளவே திருகுவது என்று இவ்வாறு தெரியவந்தது. சி.பி.1 ஏற்பி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்தப் பெருங்குடும்பத்து ஏற்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே 2012ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கொபில்கா ஆகியோருக்கு வழங்கப்பட்டது. 2016இல் சி.பி.1 ஏற்பியின் முப்பரிமாண வடிவமே படிகமாக்கிப் படம் பிடிக்கப்பட்டது. ஆகையால் தட்டில் இடுமுன்பே, கணினித் திரையில் எண்ணற்ற பொருள்களைப் பூட்டில் பொருத்திப் பார்த்துவிடவும் முடிகிறது.

சல்லடை நழுவவிட்ட மருந்து

இனி வியப்புக்குரிய செய்திக்கு வருவோம். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, கடுமையான வலிப்புக்கு மருந்தென்று முறைப்படி ஏற்கப்பட்ட பொருள் டி.எச்.சி. அன்று, போதை தராத சி.பி.டி.யே ஆகும். டிராவே நோய்க்குறி என்னும் கொடிய குழந்தைப் பருவ வலிப்பால் துன்புற்ற 120 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது. தூய சி.பி.டி. பெற்றோருக்கு மாதமொன்றுக்கு நடுத்தர அளவில் 12.4 முறை வந்த வலிப்பு 5.9 முறையாகக் குறைந்தது. மருந்தில்லாத வெற்றுத் திரவம் பெற்றோருக்கு 14.9இலிருந்து 14.1 ஆக மட்டுமே குறைந்தது. 2018 ஜூன் திங்களில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதற்கு ஒப்புதல் அளித்தது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி.பி.1 பூட்டை மட்டும் வைத்துச் சலித்திருந்தால், சி.பி.டி. “பொருந்தாதது” என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அது வேறு வழிகளில் வேலை செய்கிறது. ஆகவே ஒரு சல்லடை போதாது. பல சல்லடைகள் வேண்டும் என்பது தெளிவாகிறது. பக்தாதில் ஒன்றாய்ப் பிணைந்திருந்த நோய் நீக்கமும் அடிமைத்தளையும் இங்கே பெரும்பாலும் பிரிந்துவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் இதுவும் தீங்கே அற்ற தேன் அன்று. உறக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டாகலாம். வால்புரோயேட் என்னும் வழக்கமான வலிப்பு மருந்தோடு சேரும்போது கல்லீரலுக்கு ஊறு நேரும் வாய்ப்பு மிகுகிறது. இரத்தச் சோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டியிருக்கிறது.

சல்லடையைக் கடந்தும் கெட்டவை

சலிப்புச் சோதனையில் வென்றதனாலேயே ஒரு பொருள் மருந்தாகிவிடாது என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுவேன்.

முதலாவது: கஞ்சா பசியைத் தூண்டுவது சி.பி.1 வழியாக என்றால், அப்பூட்டை அடைத்துவிட்டால் பசி குறையும், உடல் பருமன் இறங்கும் என்று எண்ணினர். பிரான்சின் சனோஃபி நிறுவனம் ரிமோனபன்ட் என்னும் பொருளைக் கண்டறிந்தது. தட்டிலும் எலியிலும் அது நன்கு வேலை செய்தது. 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. உடல் எடை குறைந்தது; ஆனால் உண்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு மிகுந்தது; தற்கொலை எண்ணமும் சிலருக்குத் தலைதூக்கியது. ஆனந்தத்துக்கு உரிய பூட்டை அடைத்தால் ஆனந்தம் எங்கிருந்து வரும்? 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் விற்கப்பட்ட அம்மருந்து 2009 டிசம்பரில் தடை செய்யப்பட்டது.

இரண்டாவது: ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை நிறுத்தினால், உடலின் சொந்தச் சாவியே நீண்ட நேரம் வேலை செய்யும், வலி தணியும் என்று கருதினர். போர்ச்சுகல் நாட்டின் பியல் நிறுவனம் பி.ஐ.ஏ. 10-2474 என்னும் பொருளை உருவாக்கியது. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில், ஊதியம் பெற்றுக்கொண்டு முன்வந்த நலமுள்ள ஆண்களிடம் அது சோதிக்கப்பட்டது. நாள்தோறும் 50 மில்லிகிராம் பெற்றவர்களில் ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; ஒருவர் உயிரிழந்தார். அப்பொருள் குறிவைத்த நொதியோடு நில்லாமல், மூளையின் வேறு பல நொதிகளையும் தாக்கியது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. தான் தேடிய கதவை மட்டும் பார்த்து, அருகிலிருந்த கதவுகளைப் பாராமல் விட்டதன் விளைவு!

மூன்றாவதே நம் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டியதாகும். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்னும் பேராசிரியர், இவ்வேற்பிகளை ஆராய்வதற்கான கருவிகளாக நூற்றுக்கணக்கான பொருள்களைச் செயற்கையாக உருவாக்கி, அறிவியல் இதழ்களில் வெளியிட்டு வந்தார். அவற்றுள் ஒன்று ஜே.டபிள்யூ.எச். 018. பணத்தாசை கொண்ட சிலர் அக்கட்டுரைகளைப் படித்து, அப்பொருளைச் செய்து, உலர்ந்த இலைகளின்மேல் தெளித்து, ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் ‘மூலிகைப் புகை’ என விற்றனர். 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் இச்சூழ்ச்சி வெளிப்பட்டது. 2016 ஜூலையில் நியூயார்க்கில் இத்தகைய வேறொரு பொருளைப் புகைத்த 33 பேர் ஒரே நாளில் நினைவிழந்து, நடைப்பிணங்கள்போல் தெருவில் நின்றனர்.

கஞ்சாவின் டி.எச்.சி. பூட்டைப் பாதி திருகுவது என்றோம். இச்செயற்கைப் பொருள்களில் பெரும்பாலானவை முழுதும் திருகுபவை. வலிப்பு, மனப்பிறழ்வு, சிறுநீரகச் சிதைவு, மரணம் வரை இவை கொண்டுசெல்லும். “இயற்கை மூலிகை”, “சோதனையில் சிக்காதது” என்ற பெயரில் யாரேனும் ஒரு பொட்டலத்தை நம் பிள்ளையின் கையில் திணித்தால், அது ஆய்வுக்கூடத்திலிருந்து களவாடப்பட்ட நஞ்சாக இருக்கக்கூடும் என்பதை நாம் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

நம் நாட்டின் நிலை

ஜம்முவில் 1941இல் மருந்து ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கப்பட்ட நிறுவனம், இன்று இந்திய ஒருங்கிணை மருத்துவ நிறுவனம் என்ற பெயரில் ஒன்றிய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின்கீழ் இயங்கி வருகிறது. அங்கே, சத்தா என்னும் இடத்திலுள்ள பண்ணையில், அரசின் உரிமம் பெற்று, வேலி அமைத்துக் காவலுடன் கஞ்சாச் செடி வளர்க்கப்பட்டு ஆராயப்படுகிறது. நரம்பு வலி, புற்றுநோய், வலிப்பு ஆகியவற்றுக்குத் தரமான மருந்து காண்பதே நோக்கமாகும்.

இதனைக் காட்டி, சட்டம் தளர்ந்துவிட்டது என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஒரு கிலோவுக்குட்பட்ட ‘சிறு அளவு’ கஞ்சாவை வைத்திருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. அது ஆராய்ச்சிக்கும் மருத்துவத்துக்கும் வழிவிட்டதேயன்றி, புகைப்பதற்கு வழிவிட்டதன்று.

எண்ணெய்ப் புட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயை உணவாக விற்க 2021இல் நம் நாட்டில் விதிமுறை வகுக்கப்பட்டது. அது நல்லெண்ணெயைப் போல் ஓர் உணவெண்ணெய்; அதில் வலிப்பை நிறுத்தும் சி.பி.டி. இருப்பதாக எண்ணி வாங்குவது வீண். சி.பி.டி. என்றே பெயரிட்டு அமெரிக்காவில் இணையத்தின் வழி விற்கப்பட்டவற்றில் 84 பொருள்களை வாங்கிச் சோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவற்றில் 26 மட்டுமே, புட்டியின்மேல் எழுதிய அளவோடு ஒத்திருந்தன. 18 பொருள்களில் போதை தரும் டி.எச்.சி.யும் கலந்திருந்தது! அறியாத ஒரு தாய் தன் பிஞ்சுக் குழந்தைக்கு மருந்தென்று எண்ணி மயக்கத்தை ஊட்டிவிடும் அபாயம் இதில் இருக்கிறதல்லவா?

மார்க்க அறிஞர்கள் வகுத்த எல்லை

ஹஷீஷைப் பற்றி நம் முன்னோர் வாளாவிருக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ அவர்கள், அது ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே இயற்றினார்கள். அதே மத்ஹபின் சட்ட மேதைகள், அழுகிப்போன உறுப்பை வெட்டி நீக்க நேரும்போது, வலி தெரியாதிருக்க உணர்வை மழுங்கச் செய்யும் மருந்தைக் கொடுப்பது ஆகுமானதே என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்பத்துக்காக அறிவை மயக்குவது வேறு. உயிரைக் காக்க, தேவையின் அளவுக்கு, அறிந்த மருத்துவர் கையால் பெறுவது வேறு. மதுவில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்காமலே, அதன் தீங்கு பயனைவிடப் பெரிது என்று எடைபோடக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. ஆய்வுக்கூடமும் அந்த எடைபோடும் வேலையைத்தான் தன் வழியில் செய்கிறது. தன் வீட்டுக் குழந்தையைப் பற்றிய தீர்ப்பை மட்டும், மருத்துவரையும் ஆலிமையும் ஒருங்கே கலந்து பெற்றுக்கொள்வதே முறையாகும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

அந்தத் தாய்க்கு நான் கூறியதையே இங்கும் கூறுகிறேன்.

ஒன்று: குழந்தை உட்கொண்டுவரும் வலிப்பு மாத்திரையை எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே உலை வைக்கும். ஒரு வேளை கூடத் தவறவேண்டாம்.

இரண்டு: கைபேசியில் வரும் செய்தியை மருந்துச் சீட்டாக எண்ணாதீர்கள். மாத்திரைக்குக் கட்டுப்படாத வலிப்பாயின், நரம்பியல் மருத்துவரிடம் நேரில் சென்று, சி.பி.டி. பற்றி நாணாமல் கேளுங்கள். அது எல்லா வலிப்புக்கும் உரியதன்று. குறிப்பிட்ட சில வகைகளுக்கே பயன் நிறுவப்பட்டுள்ளது.

மூன்று: வளரும் பிள்ளையிடம் “கஞ்சா மருந்துதானே” என்ற பேச்சு எழுந்தால், அதட்டி வாயை அடைக்காமல் விளக்கிச் சொல்லுங்கள். மருந்தானது போதை நீக்கப்பட்ட ஒரு கூறு. புகைப்பதோ போதைக்காகவே வளர்க்கப்பட்ட செடி. சுவீடன் நாட்டில் படைக்குச் சேர்ந்த 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. ஐம்பது முறைக்குமேல் கஞ்சா பயன்படுத்தியவர்களிடையே மனச்சிதைவு நோய், பயன்படுத்தாதவர்களைவிட ஆறு மடங்கு மிகுந்து காணப்பட்டது. வளரும் மூளையின் பூட்டுகளில் கள்ளச் சாவியைத் திருகி விளையாடலாகாது.

நான்கு: ஏற்கனவே சிக்கிக்கொண்ட பிள்ளையை, ஜமாஅத்தில் தலைகுனிவு நேருமே என்று மறைத்து வைக்காதீர்கள். தாமாகவே சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைக்கு, பயன்படுத்திய குற்றத்துக்காகவும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவும் தொடரப்படும் வழக்கிலிருந்து விலக்களிக்க அச்சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஒன்றிய அரசின் போதை மீட்பு ஆலோசனையும் பெறலாம். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதியாகும்.

நோயைப் படைத்தவன் அதற்குரிய மருந்தையும் படைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அம்மருந்து செடிக்குள் நஞ்சோடு கலந்து கிடக்கலாம். அதைப் பிரித்தெடுக்கப் பொறுமையும் கல்வியும் நேர்மையும் வேண்டும். நம் பிள்ளைகளில் சிலரேனும் அந்தக் கல்வியைக் கற்று, ஜம்முவிலோ வேறெங்கேனுமோ, சல்லடையைக் கையிலேந்தி நிற்கும் நாள் வரவேண்டும். சலித்து முடியாத ஒன்றை அவர்கள் வாயில் நாம் இடவும் வேண்டாம். பிறர் இடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு செய்தியுடன் சந்திப்போம்.